இருளைப் பாடும் இசையும் நம் வாலிபரும்

புதுவை நகரின் தென்பகுதியில், பழைய துறைமுகத்தை அடுத்து, உப்பளம் என்னும் வட்டாரம் உள்ளது. அதன் பழைய தொழில் இன்னதென்பதை அதன் பெயரே சொல்லும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு துக்க வீட்டிற்கு ஆறுதல் ஜெபம் நடத்தச் சென்றிருந்தோம். இறந்த குடும்பத் தலைவர் ஐம்பது வயதைத் தாண்டாதவர். அவர் எதனால் இறந்தார் என்பதை அத்தெருவில் அறியாதவர் எவருமிலர். புதுவையில் மதுக்கடைக்கு வழி கேட்கவேண்டிய தேவை ஒருவருக்கும் இருந்ததில்லை. ஆயினும் நாம் அன்று ஏறெடுத்த ஜெபத்திலோ, வாசித்த திருமறைப் பகுதியிலோ, ஆற்றிய சிற்றுரையிலோ மது என்னும் சொல் இடம்பெறவில்லை. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றோம். இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார் என்றோம். கூடியிருந்தோர் தலையசைத்தனர்.

ஜெபம் முடிந்தபின் அவ்வீட்டு அம்மையார் நம்மைத் தனியே அழைத்து, "ஐயா, பெரியவன் மாடியிலே உட்கார்ந்து சாத்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அப்பாவை அடக்கம் பண்ணி மூன்று நாள்கூட ஆகவில்லை. நீங்கள்தான் கண்டித்துச் சொல்லவேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். நாம் மாடிக்கு ஏறினோம். பொறியியல் பயிலும் அம்மாணவன் எழுந்து நின்று வணங்கினான். என்ன கேட்கிறாய் என்று வினவியபோது, மறைக்காமல், காதில் பொருத்தியிருந்த கருவியில் ஒன்றைக் கழற்றி நம்மிடம் நீட்டினான். தரையை உரசிச் செல்லும் பாறையைப்போன்ற கிதார் ஒலி. அதன்மேல் இரு ஆண்குரல்கள் ஒட்டி உறவாடி, அழுகைக்கும் கூவலுக்கும் இடைப்பட்ட ஓர் ஓசை. நமக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவன் சொன்னது மட்டும் விளங்கிற்று: "ஐயா, கீழே எல்லாரும் அப்பா இளைப்பாறுகிறார் என்று சொன்னீர்கள். இந்த ஆள்தான் அப்பா எப்படிச் செத்தார் என்று சொல்லுகிறான்."

அன்று நாம் அவனைக் கண்டிக்கவில்லை. அதனைப் பொறுமை என்று யாரும் பாராட்டவேண்டா. மறுமொழி தெரியாமையே காரணம். அவன் கேட்டுக்கொண்டிருந்தது "டர்ட்" என்னும் இசைத்தொகுப்பு என்பதையும், அதனை உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் ஏறத்தாழப் பக்தியோடு போற்றுகின்றனர் என்பதையும் பின்னரே அறிந்தோம். இவ்வீடுபாட்டின் தன்மை யாது, திருச்சபையின் ஊழியர் அதனை எவ்வாறு எதிர்கொள்ளுதல் தகும் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

இவ்விசை பிறந்த வகை

ஹெவி மெட்டல் என்னும் இசைவகையின் தோற்றத்தை இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத் தொழிற்சாலைகளிலிருந்தே தொடங்கவேண்டும். டோனி ஐயோமி என்னும் தொழிலாள இளைஞர், தகட்டு உலோகத் தொழிற்சாலையில் தம் கடைசி வேலைநாளன்று, எந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ள கிதார்க் கலைஞராதலின் தந்திகளை அழுத்தவேண்டிய விரல்களே சிதைந்தன. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பிற்காலத்தில் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். அவர் அங்கம் வகித்த பிளாக் சபத் குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரியில் வெளிவந்தது. இன்று கேட்போரின் நெஞ்சில் கல்லை ஏற்றிவைப்பதுபோல் ஒலிக்கும் அக்கனத்தில், ஒரு தொழிலாளியின் காயத்திற்கும் பங்குண்டு. இவ்வுண்மையை அறிந்த பின்னர் அவ்வொலி நம் செவிக்கு வேறுவிதமாகவே கேட்கிறது.

அக்குழுவின் பெயரையும் சின்னங்களையும் கண்டு அஞ்சிய திருச்சபையார் பலர், அதன் பாடலாசிரியராகிய கீசர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர் என்பதையும், 1971-இல் வெளியான அவர்களது மூன்றாம் தொகுப்பில் விசுவாசத்திற்காக வெளிப்படையாக வழக்காடும் ஒரு பாடல் உண்டு என்பதையும் அறிந்தாரிலர். அக்குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலையில் மறைந்தபோது, பர்மிங்ஹாம் தெருக்களில் திரண்ட மக்கள் ஓர் ஊர்ப் பெரியவரை வழியனுப்புவதுபோல் அவரை வழியனுப்பினர்.

1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் அமெரிக்காவில் இவ்விசையினின்று ஒரு கிளை பிரிந்தது. அதனை ஆல்டர்நேட்டிவ் மெட்டல் என்பர். பழைய மெட்டல் இசையில் போரும், அரக்கரும், வீரரும் பாடுபொருள்கள். புதிய கிளையோ வீட்டிற்குள் நுழைந்தது. போதை, சிறுவயதில் அடைந்த வன்கொடுமை, மனச்சோர்வு, தந்தை மகனிடையே நிலவும் மௌனம் ஆகியவையே அதன் பாடுபொருள்களாயின. இருள் புறத்திலிருந்து அகத்திற்கு வந்தது எனலாம்.

இந்தியாவிற்கு இது வந்த வழியும் நோக்கத்தக்கது. 1990-களின் தொடக்கத்தில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வழியே இப்பாடல்கள் நடுத்தர வகுப்பு இல்லங்களை அடைந்தன. 1993-இல் அலகாபாத்திலிருந்து ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் என்னும் இதழ் வெளிவரத் தொடங்கிற்று. 2007-இல் அயர்ன் மெய்டன், 2011-இல் மெட்டாலிகா ஆகிய குழுக்கள் பெங்களூருக்கு வந்தபோதும், 2009-இல் சென்னை ஐ.ஐ.டி. கலைவிழாவில் ஸ்வீடன் நாட்டு ஓபத் குழு வாசித்தபோதும், 2012-இல் கார்ன் குழு நம் நாட்டில் நிகழ்ச்சிகள் நடத்தியபோதும் தென்னகத்து இளைஞர் திரண்டு சென்றனர். புதுவைக்கு மற்றுமொரு வழி இருந்தது. பிரான்சில் வாழும் உறவினர் கோடை விடுமுறைக்கு வரும்போது, வாசனைப் பொருள்களோடும் பாலாடைக்கட்டியோடும் ஒலிநாடாக்களும் குறுந்தட்டுகளும் பெட்டியில் வந்தன. உப்பளத்து மாணவனுக்கும் இத்தொகுப்பு ஒரு மாமன்மகன் மூலமாகவே அறிமுகமாயிற்றாம்.

"டர்ட்" என்னும் தொகுப்பு

அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சார்ந்த ஆலிஸ் இன் செயின்ஸ் குழு 1992 செப்டம்பர் 29 அன்று இத்தொகுப்பை வெளியிட்டது. அழுக்கு, மண், புழுதி ஆகிய பொருள்களெல்லாம் இத்தலைப்புச் சொல்லுக்கு உண்டு. ஒலிப்பதிவு தொடங்கிய வேளையில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் கலவரத்தில் எரிந்துகொண்டிருந்தது. ராட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரை அடித்த காவலர்களை நீதிமன்றம் விடுவித்த 1992 ஏப்ரல் இறுதி அது. பாடகர் லேன் ஸ்டேலி ஹெராயின் என்னும் போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டிருந்தார். கிதார்க் கலைஞர் ஜெரி கான்ட்ரெல் தம் தாயை 1987-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய தம் தந்தையின் மௌனத்தைப் புரிந்துகொள்ள அவர் எழுதிய பாடலும் இத்தொகுப்பில் உள்ளது. மற்றொரு பாடல், 1990-இல் போதையால் மாண்ட நண்பர் ஆண்ட்ரூ வுட் என்பாரை நினைந்து எழுந்தது. போதைக்கு அடிமைப்பட்டவன் ஒருவனின் நிலையைப் பல பாடல்கள் படிப்படியாக எடுத்துரைக்கின்றன: முதலில் இன்பம், பின்னர்த் தேவை, பின்னர்த் தன்னருவருப்பு, பின்னர் வெறுமை.

இசையமைப்பைப் பற்றியும் சில சொற்கள் கூறவேண்டும். ஏனெனில் வெற்று இரைச்சல் என்று தள்ளிவிடுவோர் நம்மில் பலர். கிதார்களின் சுருதி வழக்கத்தினின்றும் அரைச்சுரம் தாழ்த்தப்பட்டு, சில பாடல்களில் தடித்த தந்தி மேலும் இறக்கப்பட்டுள்ளது. முதற்பாடலின் முதன்மைப் பகுதி ஏழு எண்ணிக்கையில் அமைந்தது. நம் மிச்ர சாபுத் தாளத்திற்குப் பழகிய செவி அதன் நொண்டி நடையை எளிதில் இனங்காணும். ஸ்டேலியும் கான்ட்ரெலும் சேர்ந்து பாடும் இரட்டைக்குரலே இக்குழுவின் தனிமுத்திரை. இரு குரல்களும் நெருங்கிய இடைவெளியில் இணையாகச் செல்வதால், ஒருவர் அழ மற்றொருவர் அவர் தோளைப் பிடித்திருப்பதைப்போன்ற ஓர் உணர்வு கேட்போர்க்கு உண்டாகிறது. இத்தொகுப்பு அமெரிக்காவில் மட்டும் நாற்பது இலட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

இவ்வளவு துயரத்தை ஒருவர் ஏன் விரும்பிக் கேட்கவேண்டும்? ரசிகர்களிடம் வினவினால் அவர்கள் தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: இது பொய் சொல்லவில்லை. மகிழ்ச்சியை விற்கும் பாடல்கள் நாற்புறமும் ஒலிக்கையில், தன் நிலையை உள்ளவாறு சொல்லும் ஒரு குரலைக் கேட்பது அவர்களுக்கு ஆறுதலாகிறது. இவ்விசை கேட்போரின் சினத்தைத் தூண்டிவிடுகிறதா என்று ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து உளவியலார் இருவர் ஆராய்ந்து 2015-இல் முடிவு வெளியிட்டனர். சினமூட்டப்பட்ட ரசிகர்கள் அவ்விசையைக் கேட்டபின் அமைதியும் ஊக்கமும் அடைந்தனர் என்பது அவர்களது கண்டுபிடிப்பு. ஆயினும் அவர்கள் ஆராய்ந்தது 39 பேரை மட்டுமே. அவ்வனைவரும் முன்னரே இவ்விசையை விரும்பியவர்கள். ஆகவே அதனை அளவிற்கு மிஞ்சிப் பயன்படுத்த நாம் விரும்பவில்லை.

குற்றச்சாட்டும் தீர்ப்பும்

இவ்விசை வாலிபரைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்னும் குற்றச்சாட்டு நீதிமன்றம் வரை சென்றதுண்டு. 1985-இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இரு இளைஞர் மேற்கொண்ட தற்கொலை முயற்சிக்கு ஜூடஸ் பிரீஸ்ட் குழுவின் இசைத்தட்டில் மறைந்திருந்த சொற்களே காரணம் என்று தொடுத்த வழக்கில், 1990 ஆகஸ்டில் நீதிபதி குழுவினர்க்குப் பொறுப்பில்லை எனத் தீர்ப்பளித்தார். மறுபுறம், நார்வே நாட்டில் பிளாக் மெட்டல் என்னும் வேறொரு கிளையைச் சார்ந்த சிலர் 1992 ஜூனில் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயத்தையும் அதன்பின் வேறு ஆலயங்களையும் எரித்தது உண்மை. எரிந்த ஆலயத்தை மறந்துவிட்டு இவ்விசை முழுவதும் தீங்கற்றது என்று சொல்லுதல் நேர்மையாகாது. அவ்வாறே, ஒரு கிளையின் கொடுஞ்செயலை மரம் முழுவதற்கும் ஏற்றிச் சொல்லுதலும் பொய்ச்சாட்சியே.

நம் மக்கள் வாழும் சிங்கப்பூரில் நிகழ்ந்த இரு செய்திகள் இவ்வேறுபாட்டை விளக்க உதவும். 2019 மார்ச் 7 அன்று ஸ்வீடனின் வாட்டெய்ன் குழுவின் நிகழ்ச்சி, கிறிஸ்தவர் பலரது எதிர்ப்பு மனுவை அடுத்து, நடக்கவேண்டிய அதே நாளில் அரசினால் நிறுத்தப்பட்டது. அக்குழு சாத்தான் வழிபாட்டைத் தன் கொள்கை என்று தானே அறிவித்துக்கொண்டதாதலின் எதிர்ப்பிற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் அதே சிங்கப்பூரில் 1992-இல் தமிழ் இளைஞர் தொடங்கிய ருத்ரா என்னும் குழு, உபநிடதக் கருத்துக்களையும் வேதாந்தத்தையும் கடுமையான மெட்டல் இசையில் அமைத்து, "குருக்ஷேத்ரா" (2003), "பிரம்மவித்யா" (2005 முதல் மூன்று பகுதிகள்) முதலிய தொகுப்புகளை வெளியிட்டுள்ளது. இதனை வேத மெட்டல் என்றே அழைப்பர். உறுமும் குரலில் உயர்ந்த தத்துவத்தைப் பாடலாம் என்று அவர்கள் காட்டினர். அவர்களது சமயக் கொள்கையில் நமக்கு உடன்பாடு இல்லாதிருக்கலாம். ஆயினும் ஓசையின் கடுமை வேறு, ஓசை சுமக்கும் பொருள் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழரிடையே வேண்டியதில்லை.

நம் வீட்டுப் பறையும் ஒப்பாரியும்

இங்கு நாம் நம் சபை வரலாற்றையே சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும். பறை என்னும் தோற்கருவியைப் பல சபைகள் ஆலயத்தின் வாசற்படி ஏறவிட்டதில்லை. அது சாவுக்குரிய கருவி என்றனர். பேய்களை அழைப்பது என்றனர். அதனை அடித்தோரின் சாதியே அவ்வச்சத்தின் உண்மையான வேர் என்பதை வெளிப்படையாகச் சொல்ல நெடுங்காலம் பிடித்தது. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005-இல் மறைந்த தெயோபிலஸ் அப்பாவு அவர்கள், மாணவர் அன்போடு பரட்டை என்று அழைத்தவர், கருநாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளும் மேலைநாட்டு ஞானப்பாட்டுகளும் மட்டுமே வழிபாட்டிற்கு உரியவை என்னும் எண்ணத்தை எதிர்த்துக் கிராமிய இசையை ஆராதனையின் நடுவிற்குக் கொண்டுவந்தார். அன்று முகம் சுளித்தவர்களே பின்னர் அவரது பாடல்களுக்குக் கைதட்டினர். ஓர் ஓசையைச் சாத்தானுடையது என்று கூறுமுன், அதனை எழுப்புவோர் யார், எதற்காக எழுப்புகின்றனர் என்று கேட்கும் வழக்கத்தை நாம் அவரிடம் கற்றிருக்கவேண்டும்.

தமிழருக்குத் துயரத்தைப் பாடுதல் புதிதன்று. தலைவனை இழந்தோர் செயலற்று நின்று பாடுவதற்குக் கையறுநிலை என்று சங்கச் சான்றோர் ஒரு துறையே வகுத்தனர். பாரி மகளிர் பாடிய புறநானூற்றுப் பாடலில் ஆறுதல் மொழி ஒன்றும் இல்லை. இருந்தது, இப்போது இல்லை என்பதே அதன் செய்தி. நாட்டுப்புறத்து ஒப்பாரியோ இறந்தவரின் பெருமையோடு, விட்டுச்சென்ற கடனையும், செய்த கொடுமையையும், குடித்தழித்த நிலத்தையும் சேர்த்தே பாடும். இறந்தவரைப் பற்றிய உண்மையைத் தெருவறியச் சொல்ல நம் பெண்களுக்கு இருந்த இடம் அதுவே. விசுவாசிகள் நம்பிக்கையற்றவரைப்போல் துக்கிக்கலாகாது என்று போதித்து அவ்விடத்தை நாம் பெரும்பாலும் எடுத்துவிட்டோம். எடுத்த இடத்தில் வைத்தது என்ன? உப்பளத்து வீட்டில் நாம் ஆற்றிய சிற்றுரையைப் போன்றவற்றைத்தான்.

எண்பத்தெட்டாம் சங்கீதம்

சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலானவை புலம்பற் பாடல்கள் என்பதை மாணவர் அறிவர். அவற்றுள் பெரும்பாலானவை முறையீட்டில் தொடங்கி நம்பிக்கையிலோ ஸ்தோத்திரத்திலோ முடியும். எண்பத்தெட்டாம் சங்கீதமோ அவ்வாறு திரும்புவதில்லை. எஸ்ராகியனாகிய ஏமானுக்கு உரியதாகத் தலைப்பிடப்பட்ட அப்பாடலில், பாடுவோன் தன்னைக் குழியில் இறங்குவோரோடு எண்ணப்பட்டவனாகக் காண்கிறான். தன்னை அமிழ்த்தும் அலைகள் கடவுளுடையவை என்றே சொல்லுகிறான். நண்பரை விலக்கியவரும் அவரே என்று குற்றஞ்சாட்டுகிறான். எபிரெய மூலத்தில் அச்சங்கீதத்தின் கடைசிச் சொல் இருளைக் குறிக்கும் சொல்லாகும். அதற்குப்பின் ஒன்றுமில்லை. பல சபைகள் இன்று பின்பற்றும் பொது வாசக அட்டவணையில் இச்சங்கீதத்திற்கு இடமில்லை. ஆனால் 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகம் இதனைப் பெரிய வெள்ளி மாலை ஆராதனைக்குக் குறித்துவைத்தது. முன்னோர் எதனை எங்கே வைக்கவேண்டும் என்று அறிந்திருந்தனர்.

2025-இல் மறைந்த பழைய ஏற்பாட்டு அறிஞர் வால்டர் புரூகமன், புலம்பலை இழந்த சபை பெரும் விலை கொடுக்கிறது என்று 1986-இல் எழுதினார். அவர் வாதத்தின் சாரத்தை நம் சொற்களில் இவ்வாறு கூறலாம்: முறையிட உரிமையற்றவன் கடவுளுக்கு முன்பாகப் புகழ்பாடுவோனாக மட்டுமே நிற்கமுடியும், அப்புகழ்ச்சி நாளடைவில் நடிப்பாகும், நீதியைப் பற்றிய கேள்விகளும் ஆலயத்தைவிட்டு வெளியேறிவிடும். வெளியேறிய கேள்விகள் எங்கே சென்றன என்று அவர் ஆராயவில்லை. ஒரு பகுதி சியாட்டில் நகரத்து ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் சென்றதென்பது நம் துணிபு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "டர்ட்" தொகுப்பும் எண்பத்தெட்டாம் சங்கீதமும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. ஏமான் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் ஒருவரை முன்னிலையாக்கிப் பேசுகிறான்; இரவும் பகலும் கூப்பிடுகிறான். அத்தொகுப்பின் குரலுக்கோ பெரும்பாலும் முன்னிலை இல்லை. அது தன்னிடமே பேசுகிறது. கேட்கும் ரசிகனே அதன் முன்னிலையாகிறான். இவ்வீடுபாட்டின் வல்லமையும் ஆபத்தும் இவ்விடத்திலேயே உள்ளன என்று எண்ணுகின்றோம். வேறெவரும் கேளாத ஒரு முறையீட்டைத் தான் கேட்டுவிட்டதாக ரசிகன் உணர்கிறான்; அதே வேளையில், தன் முறையீட்டையும் எவரோ கேட்டதாக உணர்கிறான். சபையில் அவன் பெறாத அனுபவம் அது. ஆனால் இசைத்தட்டு மறுமொழி சொல்லாது. அவன் கதவைத் தட்டாது.

கட்டைவிரலை உயர்த்திய ரசிகர்

லேன் ஸ்டேலி 1996-இல் ரோலிங் ஸ்டோன் இதழுக்கு அளித்த பேட்டியில் கூறிய ஒரு செய்தியை ஒவ்வொரு ரசிகனும் அறிதல் நலம். போதை சிறந்ததென்று தம் ரசிகர் நினைக்கவேண்டும் என்பது அவர் நோக்கமன்று. ஆயினும் ரசிகர் சிலர் அவரிடம் வந்து, கட்டைவிரலை உயர்த்திக்காட்டி, தாமும் போதையில் இருப்பதாகப் பெருமையோடு சொன்னார்களாம். எது நடக்கலாகாதென்று அஞ்சினாரோ அதுவே நடந்தது என்று அவர் வருந்தினார். எச்சரிக்கையாகப் பாடப்பட்டது அழைப்பாகக் கேட்கப்பட்டது. பிரசங்கிகளாகிய நமக்கும் இவ்வனுபவம் புதிதன்று. கெட்டகுமாரன் கதையில் தூரதேசத்தையே நினைவிற்கொண்டு ஆலயத்தினின்று புறப்படுவோர் எல்லாச் சபையிலும் உண்டு.

ஸ்டேலி தம் கடைசி ஆண்டுகளைச் சியாட்டிலில் ஓர் அடுக்ககத்தில் பெரும்பாலும் தனிமையில் கழித்தார். 2002 ஏப்ரல் 5 அன்று தம் 34-ஆம் வயதில் இறந்தார். அவரது கணக்கிலிருந்து இரு வாரங்களாகப் பணம் எடுக்கப்படவில்லை என்று கணக்கர்கள் தாய்க்குத் தெரிவித்த பின்னரே, ஏப்ரல் 19 அன்று உடல் கண்டெடுக்கப்பட்டது. அக்குழுவில் இத்தொகுப்பிற்கு வாசித்த மைக் ஸ்டார் 2011 மார்ச்சில் இறந்தார். அவரும் போதையோடு நெடுங்காலம் போராடியவர். நாற்பது இலட்சம் பேர் வாங்கிய துயரம் அது. அத்துயரத்திற்குரியவரின் மரணத்தை முதலில் உணர்ந்தது ஒரு வங்கிக்கணக்கு.

இதனோடு மற்றொரு செய்தியையும் சேர்த்துக் காணவேண்டும். கலிபோர்னியாவின் கார்ன் குழு 1994 அக்டோபரில் வெளியிட்ட முதல் தொகுப்பின் இறுதிப்பாடல், பாடகர் ஜானதன் டேவிஸ் சிறுவயதில் குடும்பத்திற்கு அறிமுகமான ஒருவரால் அடைந்த பாலியல் வன்கொடுமையைப் பற்றியது. பாடிக்கொண்டிருக்கையிலேயே அவர் கதறியழுதார். அவ்வழுகை இசைத்தட்டில் அப்படியே உள்ளது. அக்காலத்தில் வீட்டாரிடம் சொன்னபோது தம்மை நம்பவில்லை என்று அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். நம் நாட்டில் சிறாரைப் பாலியல் குற்றங்களினின்று காக்கும் சட்டம் 2012-இல்தான் வந்தது. நம் விடுதிகளிலும் ஞாயிறு பள்ளிகளிலும் பயின்ற எத்தனை பிள்ளைகள் சொல்லி நம்பப்படாமற் போயினர் என்று எண்ணிப் பார்ப்பவர், அப்பாடலைச் சாத்தானின் பாட்டு என்று எளிதில் சொல்லமாட்டார். அதே குழுவின் கிதார்க் கலைஞர் பிரையன் வெல்ச் 2005-இல் போதையினின்று விடுபட்டுக் கிறிஸ்துவை அறிக்கையிட்டுக் குழுவைவிட்டு விலகினார். 2013-இல் அதே குழுவிற்கே திரும்பினார். அவர் மனந்திரும்பியதை மேடைதோறும் சொல்லி மகிழ்ந்த நற்செய்தியாளர்கள், அவர் திரும்பிச் சென்றதைச் சொல்வதில்லை. எமக்கோ பின்னதே கூடுதலாகச் சிந்திக்கத்தக்கதாய்த் தோன்றுகிறது.

ஊழியரின் முன் உள்ள பணி

புதுவைக்கு இது ஏட்டளவில் பேசும் பொருளன்று. தேசியக் குற்றப் பதிவு ஆவணக் காப்பகத்தின் 2015-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இந்தியாவில் ஒரு இலட்சம் மக்களுக்குத் தற்கொலை 10.6 ஆக இருக்க, புதுச்சேரியில் அது 43.2, மாநிலங்கள், ஆட்சிப்பகுதிகள் அனைத்திலும் அதுவே மிகுதி. இவ்வெண்ணிக்கைக்கு ஆங்கிலப் பாடல்களைக் காரணமாக்க எவருக்கும் துணிவு வராது. அவர்களுள் மிகப்பெரும்பாலோர் அப்பாடல்களைக் கேட்டவரே அல்லர். குடியும், கடனும், குடும்பச் சண்டையும், சொல்ல இடமின்மையும் அங்கே உள்ளன.

ஆகவே இருண்ட இசையில் ஆழ்ந்திருக்கும் வாலிபனைக் காணும் ஊழியர், பாடலை விடு என்று தொடங்குவது பயனற்றது. எதைக் கேட்கிறாய், எந்த இடத்தில் உன் மனம் நிற்கிறது என்று கேட்டு, கூடுமானால் உடன் அமர்ந்து ஒரு பாடலையாவது முழுவதும் கேட்பது நலம். நமக்கு அது இனிமையாயிராது. இனிமையாயிருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. பெரும்பாலோர்க்கு அது இசைச்சுவை மட்டுமே. கல்லூரி நாள்களோடு தணிந்துவிடும். அதனை நோயாக்குதல் வேண்டா. சிலருக்கு அது ஒரு வாக்குமூலம். உறக்கமின்மை, உணவு மறுத்தல், நண்பரைத் தவிர்த்தல், தன்னை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவை உடன் காணப்பட்டால், அங்கே இசையைப் பற்றிப் பேச நேரமில்லை. சாவதைப் பற்றி எண்ணுகிறாயா என்று நேராகவே கேட்கவேண்டும்; கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாய் எழுந்துவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. அன்றே மனநல மருத்துவரிடம் உடன் செல்லவேண்டும். ஜெபித்து அனுப்பிவிடுதல் போதாது. குருத்துவப் பணியில் இவ்வொன்றை மட்டும் ஐயத்திற்கு இடமின்றிக் கூறுவோம்.

ஆராதனையிலும் நாம் செய்யக்கூடியது உண்டு. அடக்க ஆராதனையில் இறந்தவரைப் பற்றி உண்மையல்லாத ஒன்றையும் சொல்லாதிருத்தல் அதன் தொடக்கம். குடியால் இறந்தவரைக் குடிகாரர் என்று மேடையிலிருந்து இகழ்வது இதன் பொருளன்று. அவர் நெடுநாள் ஒரு நோயோடு போராடினார், அதில் வீட்டாரும் காயமுற்றனர் என்று ஜெபத்தில் சொல்லலாமே. அதைச் சொல்ல நமக்கு இருந்த தயக்கம், உண்மையில் அக்குடும்பத்தின் மானத்தைக் காக்கவா, நம் வசதியைக் காக்கவா என்று பின்னர்ப் பலமுறை எண்ணியதுண்டு.

அவ்வீட்டில் ஓராண்டு நினைவு ஆராதனைக்கு நம்மை மீண்டும் அழைத்திருந்தனர். வாசிக்கவேண்டிய பகுதியை மகனே தேர்ந்துகொள்ளட்டும் என்று முன்னரே சொல்லியனுப்பினோம். அவன் எண்பத்தெட்டாம் சங்கீதத்தைக் கேட்டான். இணையத்தில் எங்கோ அதைப் பற்றிப் படித்தானாம். அவனே எழுந்து வாசித்தான். முடிவு வந்ததும், இன்னும் ஏதோ இருக்கவேண்டும் என்பதுபோல் உறவினர் சிலர் தத்தம் வேதாகமத்தில் பக்கத்தைத் திருப்பினர். வாசிப்பின் இறுதியில் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகளைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அம்மையார், தம் கணவர் கடைசி மாதத்தில் வீட்டுப் பாத்திரங்களை விற்றதைப் பற்றி, யாரையும் நோக்காமல், மெல்லப் பேசத் தொடங்கினார். மகன் வேதாகமத்தை மூடிவிட்டு அவரருகே போய்த் தரையில் அமர்ந்தான்.